புத்தகப் பைக்கு வரி வேண்டாம் என்றவர்

அவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் கடைத்தெருவில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் திருதிருவென்று விழிப்பார்கள். ‘மைக்’ என்று கேளுங்கள், கை நீட்டி வழி காட்டுவார்கள். கடை திறப்பு, கல்யாணம், பள்ளி ஆண்டு விழா என்று எங்கே ஒலிபெருக்கி கட்டினாலும், கட்டுகிறவன் ஏணியை விட்டு இறங்குவதற்குள் இவர் அதன் முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார். அப்படி வந்த பெயர். இப்போது மேடை இருக்கும் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. ஏன் என்று கேட்டால் தொண்டை சரியில்லை என்கிறார். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பேசுவார். கணீரென்ற குரல். ஒரு விஷயத்தை எடுத்தால் எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தானாக வரும். கைதட்டல் கேட்டுவிட்டால் மட்டும் மனிதர் ஒரு நிலையில் இருக்கமாட்டார். சொல்ல வந்தது ஒன்று, கைதட்டலுக்காகச் சொல்வது இன்னொன்று என்று ஆகிவிடும். அவருடைய தங்கை அதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். “அண்ணனுக்குச் சோறு வேண்டாம், ரெண்டு பேர் கை தட்டினா போதும்” என்பாள். கேலியாகத்தான் சொல்வாள், பாசம் இல்லாமல் இல்லை.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை ஒன்றை நடத்தினார்கள். அப்பா விட்டுப்போனது. டயர் கடைக்கு மேலே, மாடியில். படியேறும்போது ரப்பர் வாசனை, மேலே போனால் பசை வாசனை. சுவரோரம் ரெக்சின் சுருள்கள் சாய்ந்து நிற்கும். ஜன்னலை ஒட்டி வரிசையாகத் தையல் மிஷின்கள். நடுவில் பெரிய மேஜை, அதன் மேல் கட்டிங் மாஸ்டர் அட்டை அச்சுகளை வைத்து, உள்ளங்கை அளவு துணிகூட வீணாகாதபடி வெட்டிக்கொண்டிருப்பார். ஆணியில் ஜிப் சங்கிலிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். உள்ளே நடப்பதெல்லாம் தங்கையின் பொறுப்பு. வெளியே கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் பிடிப்பது மைக்கின் பொறுப்பு. ஒருவர் வேலையில் இன்னொருவர் மூக்கை நுழைப்பதில்லை. அந்தப் பட்டறையை நம்பி அந்த இரண்டு குடும்பமும், மேலே உட்கார்ந்து தைக்கிறவர்களின் குடும்பங்களும் இருந்தன.

ஊரில் இப்படிச் சின்னச் சின்னதாகப் பை தைக்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதற்கு மைக்தான் செயலாளர். வேறு யார் பேசுவது?

வருஷா வருஷம் பட்ஜெட் போடுவதற்கு முன்னால் நிதியமைச்சர் எல்லாத் தொழில் சங்கங்களையும் கூப்பிட்டுக் குறை கேட்பது வழக்கம். பெரிய மண்டபம், குளிரூட்டி கிர்ரென்று ஓடும், பக்கத்து அறையில் டீயும் பிஸ்கட்டும். சிமெண்ட்காரர்களும் கார் கம்பெனிக்காரர்களும் முன்வரிசை. சீப்பு, குடை, பை என்று நம் ஆட்கள் தூணுக்குப் பின்னால். ஆளுக்கு மூன்று நிமிஷம். முடிந்தால் ஒரு உதவியாளர் மேஜை மணியை டிங்கென்று தட்டுவார், வாக்கியம் பாதியில் இருந்தாலும் உட்கார வேண்டியதுதான்.

அமைச்சர் ஒல்லியான மனிதர். கண்ணாடி மூக்கில் நிற்காது, ஏற்றிக்கொண்டே இருப்பார். காலையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து குறையுங்கள், எடுத்துவிடுங்கள், தள்ளுபடி செய்யுங்கள் என்பார்கள். கூட்டுங்கள் என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சம்பளத்துக்கும் அவர் எங்கிருந்து கொண்டுவருவார் என்று அந்த மண்டபத்தில் யாருக்கும் கவலை கிடையாது. எல்லாம் கேட்டுக்கொண்டு கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பார் பாவம்.

மைக் அங்கே முதல்முறையாகப் போனபோது புத்தகப் பைக்கு வரி இருந்தது. அதைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிக் கேட்பது என்று சங்கத்தில் பேசி முடிவு செய்திருந்தார்கள். கிளம்பும்போது தங்கையும் படிவரை வந்து சொன்னாள்.

“அண்ணா, பாதி. பாதிதான் கேக்கணும். வேற எதுவும் பேசிட்டு வராத.”

“எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் முறை வந்ததும் எழுந்தார். மண்டபம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொக்கிக் கிடந்தது. “ஐயா, ஏழு வயசுப் பிள்ளை முதுகுல புத்தகத்தை மட்டும் சுமக்கல, அரசாங்கத்தோட வரியையும் சேர்த்துச் சுமக்குது” என்றார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அமைச்சர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். யாரோ கை தட்ட, மண்டபமே தட்டியது, சிமெண்ட்காரர்கள்கூட. அவ்வளவுதான். பாதி என்ற வார்த்தை மைக்கின் வாயிலேயே கரைந்துபோயிற்று. “அந்தச் சுமையை இறக்கி வெச்சிருங்க ஐயா, அடியோட இறக்கி வெச்சிருங்க” என்றார்.

அமைச்சருக்குப் பக்கத்தில் வரிப் பிரிவு அதிகாரி உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு அம்மாள். அவர் அமைச்சரின் காதில் ஏதோ சொன்னார். அமைச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

“முழுசா எடுத்துட்டா, நீங்க துணிக்கும் ஜிப்புக்கும் கட்டுற வரியை இப்போ கழிச்சுக்கற மாதிரி கழிச்சுக்க முடியாது. தெரியுமில்ல? குறைச்சா போதுமா, முழுசா எடுக்கணுமா?”

மைக்குக்கு அது ஒழுங்காகக் காதில் ஏறவில்லை. காதில் கைதட்டல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. “முழுசா எடுத்துருங்க ஐயா, மத்ததை நாங்க பாத்துக்கறோம்” என்றார். மறுபடி கைதட்டல். மணி அடித்தது. ஒரு மனிதன் இதைவிட நன்றாகக் குழி வெட்டிக்கொள்ள முடியாது, அதுவும் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு.

பட்ஜெட் அன்று பட்டறையில் மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் டிவியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அமைச்சர் படித்துக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நிறுத்தி, “பிள்ளைகள் முதுகில் புத்தகம் மட்டும் இருந்தால் போதும், வரி வேண்டாம்” என்றார். சபையில் மேஜையைத் தட்டினார்கள். மைக் எழுந்து நின்றுவிட்டார். “அது நான் சொன்னது, நான் சொன்ன வார்த்தை” என்று எல்லோரையும் பார்த்துப் பார்த்துச் சொன்னார். கட்டிங் மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தங்கையும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், “பாதிதானே கேக்கச் சொன்னோம்?” என்றாள்.

“கேட்டது பாதி, குடுத்தது முழுசு. கசக்குதா உனக்கு?” என்று அவள் வாயை அடைத்தார். அவர் முழுசாகத்தான் கேட்டார் என்று அவளிடம் அப்போது சொல்லவில்லை.

கசப்பு மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. பள்ளி திறக்கும் பருவத்துக்கு ஆர்டர் எடுக்கப் போனார். எப்போதும் வாங்கும் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். அதுவே நல்ல சகுனமாகப் படவில்லை. மேஜைமேல் ஒரு பை இருந்தது. வெளிநாட்டுப் பை, பளபளவென்று, முன்னால் பொம்மைப் படம் ஒட்டி.

“உங்க பை நல்ல பைதான் மைக், நான் இல்லேங்கல. உழைக்கும். ஆனா இது கப்பல்ல வந்து இறங்குறதே உங்க விலையைவிடக் கம்மியா இருக்கு. போன வருஷம் இப்படி இல்ல. நான் என்ன பண்ண, சொல்லுங்க.”

அன்று மதியம் தங்கை அவரை வெட்டும் மேஜைக்குக் கூப்பிட்டாள். கணக்குப் பார்க்கிறவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தாள். தைக்காத ஒரு பையைத் துண்டு துண்டாக மேஜைமேல் பரப்பினாள். ரெக்சின், உள்துணி, ஜிப், வார், பக்கிள்.

“இது ஒவ்வொண்ணும் வாங்கும்போது நாம வரி கட்டறோம். முன்னாடி பையை விக்கும்போது நாம வரி வசூல் பண்ணுவோம், அதுல நாம ஏற்கெனவே கட்டினதைக் கழிச்சுட்டு மிச்சத்தை அரசாங்கத்துக்குக் கட்டுவோம். இப்போ பைக்கு வரியே இல்ல. அப்போ எதுல கழிக்கறது? கட்டினதெல்லாம் நம்ம தலையிலதான். பை விலையில ஒட்டிக்குது. வெளியிலேருந்து வர்ற பைக்கு அந்த ஊர்ல கட்டின வரியைத் திருப்பிக் குடுத்துடறாங்க, இங்கயும் வரி கிடையாது. சுத்தமா வந்து இறங்குது. இவ்வளவுதான் அண்ணா விஷயம்.”

அமைச்சர் கேட்ட கேள்வி அப்போதுதான் மைக்கின் மண்டையில் ஏறியது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே ஏறியது. முழுசாகக் கேட்டது தான்தான் என்று அன்று தங்கையிடம் ஒப்புக்கொண்டார். அவள் திட்டுவாள் என்று பார்த்தார். அவள் ஜிப்பைக் கையில் வைத்து இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. அடுத்த தடவை கூப்பிடும்போது போய்ச் சொல்லு. கொஞ்சமா வரி போடுங்க, நாங்க கட்டறோம்னு சொல்லு. வாய் விட்டுக் கேட்டதை வாய் விட்டே திருப்பிக் குடு.”

அதற்குள் அந்த வருஷம் படுத்திய பாடு கொஞ்சமல்ல. சங்கத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் மிஷினை விற்றுவிட்டு அதே வெளிநாட்டுப் பையை இறக்குமதி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு வரி இல்லாததுதான் வசதி. “நல்லா இருக்கறதைப் போய்க் கெடுத்துடாதீங்க தலைவரே” என்று மைக்கிடம் குழைந்தார்கள். ஆமாம், தலைவர். வரியை எடுக்க வைத்ததற்காக அவரைத் தலைவராக்கி இருந்தார்கள், அந்தக் கூத்தும் நடந்தது. பட்டறையில் ஜன்னலோர மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கட்டிங் மாஸ்டர் ஒருநாள் கத்தரியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, தங்கையிடம் சொல்லிக்கொண்டு போனார். இறக்குமதிக் கிடங்கில் பைக்கு விலைச்சீட்டு ஒட்டும் வேலை. மீதி இருந்தவர்கள் தங்கையின் முகத்துக்காக இருந்தார்கள்.

மறுபடி அந்தக் கூட்டம் வந்தது. மைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். ‘எங்கள் பைக்கு வரி போடுங்கள் ஐயா.’ வாழ்நாளில் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்வோம் என்று அவர் நினைத்ததில்லை. மனைவி பக்கத்து அறையிலிருந்து, “வாய் கோணாம சொல்லுங்க” என்றாள். அவருக்கே சிரிப்பு வந்தது.

மண்டபத்தில் இந்த முறை அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். தூணுக்குப் பின்னால் தேடிக்கொண்டு போனவரை உதவியாளரே கைபிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தார். அவர் முறை வந்தபோது அமைச்சர் தானே பேச ஆரம்பித்தார்.

“இவரை உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எல்லாரும் அவங்கவங்க தொழிலுக்காகக் கேட்டப்போ பிள்ளைங்களுக்காகக் கேட்டவர். என் பேத்தி புதுப் பை மாட்டிக்கிட்டுப் போகும்போதெல்லாம் இவர் நினைப்பு வரும்.”

மண்டபம் கை தட்டியது. பின்னால் யாரோ எழுந்து நின்றே தட்டினார்கள். மைக் எழுந்தார். முதலில் நன்றி சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வரலாம் என்றுதான் ஆரம்பித்தார், அது சத்தியம். நன்றி சொன்னார். பிள்ளைகள் சார்பில் நன்றி சொன்னார். பெற்றோர் சார்பில் சொன்னார். ஒவ்வொரு நன்றிக்கும் தலைகள் ஆடின. இத்தனை முகங்களும் இப்படிப் பார்க்கும்போது, நான் கேட்டது தப்பு, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொல்வது? இன்னும் ஒரு வாக்கியம், அதற்குப் பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அந்த ஒரு வாக்கியமும் நன்றாகவே வந்தது. மணி அடித்தது.

எத்தனையோ மேடைகளில், ‘ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்’ என்று மல்லுக்கட்டி வாங்கிப் பேசியவர் அவர். அன்று கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். உட்காரும்போது அவருக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் அவருக்குக் கூசுகிறது.

டீ குடிக்கும் அறையில் அந்த நரைமுடி அம்மாள் அவரைத் தேடிக்கொண்டு வந்தார்.

“என்ன, நன்றியோட முடிச்சுட்டீங்க? வேற ஒண்ணு கேப்பீங்கன்னு நினைச்சேன்.”

மைக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்க ஆளுங்க படற கஷ்டம் எங்களுக்குத் தெரியாம இல்ல. ஆனா பிள்ளைங்க பைக்கு வரி போட்டவர்னு பேர் வாங்க எந்த நிதியமைச்சரும் தானா முன்வர மாட்டார். பை செய்யறவங்களே எழுந்து கேட்டிருந்தா, அதைச் சொல்லியே கொஞ்சமா ஒரு வரி போட்டிருப்பார். அவர்கிட்ட பேசியாச்சு, எல்லாம் தயாரா இருந்துது. அதுக்குத்தான் உங்களை முன்னாடி உக்கார வெச்சோம்.”

“இப்போ ஒரு மனு எழுதிக் குடுத்தா ஆகாதா அம்மா?”

“சபை நடுவுல வாயார நன்றி சொல்லிட்டு, பின்வாசல் வழியா வந்து வரி போடுன்னு எழுதிக் குடுத்தா யார் நம்புவாங்க? இனிமே அடுத்த வருஷம்தான்.” அந்த அம்மாள் குரலில் கோபம் இல்லை. அலுப்புத்தான் இருந்தது.

அவர் பட்டறைப் படி ஏறும்போது சாயங்காலம். மிஷின் சத்தம் நின்றது. தங்கை மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மீதி இருந்த தையல்காரர்கள் எல்லோரும் திரும்பி உட்கார்ந்து அவரையே பார்த்தார்கள்.

“கேட்டியா அண்ணா?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். எத்தனை முகம். “கேட்டேன்” என்றார்.

“என்ன சொன்னாங்க?”

“பாக்கலாம்னாங்க. நல்ல மாதிரியாத்தான் சொன்னாங்க.”

தங்கை மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு பெருமூச்சு விட்டாள். தையல்காரர்களில் ஒருத்தி, “மைக் அண்ணன் கேட்டா நடக்காம இருக்குமா?” என்றாள்.

அதற்கடுத்த வாரம் மழைக்கோட்டு தைக்கும் முதலாளி ஒருவர் படியேறி வந்தார். மிஷின்களைத் தட்டிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகவும், தைக்கிறவர்களையும் அப்படியே தன் பட்டறைக்குக் கூட்டிக்கொள்வதாகவும் சொன்னார். தங்கைக்குக்கூட மேற்பார்வை வேலை தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர்.

“பட்ஜெட் வரட்டும் சார்” என்றாள் தங்கை. “எங்க அண்ணன் போய்ப் பேசிட்டு வந்திருக்கார். வரி வந்துட்டா எங்க பட்டறையே நிமிர்ந்துடும்.”

“எனக்கு உடனே தேவைம்மா. நான் காத்திருக்க முடியாதே.”

“பரவாயில்லை சார். நாங்க காத்திருக்கோம்.”

மைக் அதே அறையில், ரெக்சின் சுருள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் கேட்கவில்லை, காத்திருக்காதே, இவருக்கே கொடுத்துவிடு. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மணி அடிக்க யாரும் இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டிருக்கலாம். அவர் வாய் திறக்கவில்லை. அந்த மனிதர் படி இறங்கிப் போனார். தங்கை தன் வளையலை விற்று, வரப்போகும் பருவத்துக்கென்று புது ரெக்சின் இறக்கினாள். அதையும் மைக்தான் தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றினார்.

பட்ஜெட் அன்று மறுபடி எல்லோரும் டிவியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அமைச்சர் சிமெண்ட் சொன்னார், கார் சொன்னார், வங்கி வட்டி சொன்னார், குடைகூடச் சொன்னார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தண்ணீர் குடித்தார். நன்றி வணக்கம் என்று உட்கார்ந்தார். பை வரவில்லை. மழைக்கோட்டுக்காரர் வேறு எங்கோ மிஷின் வாங்கி, வேறு ஆட்களை வைத்துப் பல நாள் ஆகியிருந்தது.

தையல்காரி ஒருத்தி அழ ஆரம்பித்தாள். இன்னொருவன் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “போய்ப் பேசினாங்களாம், பேசி” என்று முணுமுணுத்தான். அதைக் கேட்டதும் தங்கைக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பட்டறையில் அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

“எங்க அண்ணனை ஒரு வார்த்தை சொல்லாதீங்க. தான் கேட்டதைத் தானே போய்த் தப்புன்னு சொல்றதுக்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேணும்? அத்தனை பெரிய மனுஷங்க முன்னாடி எழுந்து நின்னு எங்களுக்கு வரி போடுங்கன்னு கேட்டுட்டு வந்திருக்கார். அவங்க குடுக்கல. அதுக்கு அவர் என்ன பண்ணுவார்?”

பிறகு அவர் பக்கம் திரும்பி, தோளைத் தொட்டு, “நீ மனசை விட்றாத அண்ணா” என்றாள்.

மைக் தலையை ஆட்டினார். அண்ணன் கேட்டார், அவர்கள்தான் கொடுக்கவில்லை என்று அவள் இன்றைக்கும் யாரிடம் பேசினாலும் சொல்கிறாள்.